சொல்லின் சாயல்

பினாங்குத் தீவின் மேற்கே, மலைத்தொடருக்கு அப்பால் அமைந்த ஊர் பாலிக் புலாவ். ஜார்ஜ் டவுனிலிருந்து புறப்பட்டு, ஆயர் ஈத்தாமையும் பாயா தெருபோங்கையும் கடந்து, மலைச்சாலையில் வளைந்து வளைந்து ஏறி இறங்கினால், ஜாதிக்காய் மரங்களும் கிராம்பு மரங்களும் டுரியான் தோப்புகளும் சூழ்ந்த அச்சிற்றூர் கண்ணிற்படும். கடலோரம் சுங்கை பூரோங் பக்கத்தில் நெல்வயல்களும் உண்டு. அவ்வூர்ப் பெயருக்குப் பொருள் என்ன என்று முன்பொருநாள் மாணவன் ஒருவன் என்னைக் கேட்டான். 'புலாவ்' என்பது தீவு, அதில் ஐயமில்லை. 'பாலிக்' என்னும் மலாய்ச் சொல்லோ திரும்புதல், புரட்டுதல், மறுபுறம் எனப் பல பொருள் தருவது. நான் அதிகம் யோசியாமல், "தீவின் பின்புறம்" என்று கூறிவிட்டேன். அவன் அவ்வூர்ப் பையன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எங்கள் வீட்டு வாசல் கடலைப் பார்த்து இருக்கிறது ஐயா. எங்களுக்கு டவுன்தானே பின்னால் இருக்கிறது?" என்றான்.

அது குறும்புக் கேள்வி அன்று. 'பின்புறம்' என்பது நகரத்தில் நின்றுகொண்டு மலையைப் பார்ப்பவனுடைய சொல். துறைமுகமும் அலுவலகங்களும் இருக்குமிடமே முன்புறம் என்று முன்கூட்டியே முடிவுசெய்துவிட்ட சொல். 'மறுபுறம்' என்று நான் சொல்லியிருந்தால் மலையின் இரு பக்கத்தாரும் அதை ஏற்றிருப்பர். அகராதியில் இவ்விரண்டும் அடுத்தடுத்து நிற்கக்கூடியவையே. எனினும் ஒன்று அச்சிறுவனைத் தன் ஊரிலேயே கொல்லைப்புறத்தில் குடியிருப்பவன் ஆக்குகின்றது. மற்றொன்று அவ்வாறு செய்வதில்லை.

இவ்வகை வேறுபாட்டைக் குறிக்க ஆங்கிலத்தார் 'நுவான்ஸ்' என்றொரு சொல்லை வழங்குகின்றனர். அது பிரெஞ்சிலிருந்து பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலத்திற் குடிபுகுந்தது. மூலத்தைத் தேடிச் சென்றால் இலத்தீனில் மேகத்தைக் குறிக்கும் 'நூபெஸ்' என்ற சொல்லில் முடியும். வானத்தில் மேகம் நகரும்போது ஒரே நிறம் ஓரிடத்தில் அடர்ந்தும் ஓரிடத்தில் வெளிறியும் தோன்றுகிறது. எந்த இடத்தில் சாம்பல் முடிந்து வெண்மை தொடங்கிற்று என்று விரலால் சுட்ட முடியாது. ஆயினும் சாம்பல் வேறு, வெண்மை வேறு. முதலில் வண்ணத்தின் இத்தகைய படிநிலையைச் சுட்டிய சொல், பின்னர்ப் பொருளின் படிநிலைக்கும், குரலின் ஏற்ற இறக்கத்திற்கும், கருத்தின் மென்மையான வேறுபாட்டிற்கும் ஆகிவந்தது.

இதனோடு அடிக்கடி குழப்பப்படும் இன்னொரு சொல் 'மினூஷியே'. அதுவும் நுணுக்கங்களைக் குறிப்பதே. ஆனால் குறைத்தல், சிறிதாக்குதல் என்னும் இலத்தீன் வினையடியிலிருந்து பிறந்தது. சின்னஞ்சிறு விவரங்கள், சில்லறைச் செய்திகள், சில வேளைகளில் பொருட்படுத்தத் தகாத அற்ப விவரங்கள் என்னும் பொருளில் வழங்குவது. எப்போதும் பன்மையிலேயே நடமாடுவது போன்ற தோற்றமுடையது. ஒரு கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பில் நாற்காலிகள் எத்தனை, தேநீர் எத்தனை மணிக்கு வந்தது என்று எழுதினால் அது மினூஷியே. தலைவர் "ஆவன செய்கிறேன்" என்று சொன்னாரா, "செய்கிறேன்" என்று சொன்னாரா என்று கவனித்து எழுதினால் அது நுவான்ஸ். முன்னதை விட்டுவிட்டால் ஒன்றும் குடிமுழுகிப் போவதில்லை. பின்னதை விட்டால் நாளை ஒரு வழக்கே மூளலாம். சிறியதாக இருப்பது இரண்டிற்கும் பொது; சிறியது எதைத் தாங்கி நிற்கிறது என்பதில்தான் வேற்றுமை.

தமிழில் இதற்கு என்ன சொல்வது? நுண்மை, நுட்பம், நுணுக்கம், சாயல், நுண்வேறுபாடு என்று பல சொற்களை நம் எழுத்தாளர்கள் ஆண்டுவருகின்றனர். நுட்பம் இன்று தொழிலோடு சேர்ந்துகொண்டு பொறிகளின் பக்கம் போய்விட்டது. நுணுக்கம் என்றால் கைவேலையின் திறம் நினைவுக்கு வருகிறது. மினூஷியேக்கு அது ஓரளவு பொருந்தும். நுண்வேறுபாடு சரியான சொல்லே, ஆனால் தேர்வுத்தாளின் மணம் வீசுகிறது. எனக்கு மிகவும் உவப்பானது 'சாயல்'. 'அப்பன் சாயல் பிள்ளையிடம் இருக்கிறது' என்னும்போது எந்த உறுப்பில் என்று சொல்ல முடியாது. ஆனால் ஊரே ஒப்புக்கொள்ளும். ஒரு நிறத்தின் சாயல், ஒரு சொல்லின் சாயல் என்று இயல்பாகவே அது விரிகிறது. போகிற போக்கில் ஒன்று: ஆங்கிலத்தின் 'சப்டில்' என்ற சொல்லுக்கும் நெசவோடு தொடர்புண்டு என்பர், நெய்த துணியின் நுண்ணிழையை நினைத்துப் பிறந்தது அது. நாமோ நூற்கும் இழையையும் கற்கும் ஏட்டையும் 'நூல்' என்ற ஒரே சொல்லால் அழைக்கிறோம். நுண்மையை அறியத் தறிக்கருகே சென்றவர்கள் நம் முன்னோர் மட்டுமல்லர் என்பதில் எனக்கொரு மகிழ்ச்சி.

சாயலை உணர்வதில் தமிழுக்கு இணையில்லை என்று மேடைகளில் முழங்குவது நம் வழக்கம். சான்றாக எடுத்துக்காட்டப்படுபவற்றுள் ஒன்று, தொல்காப்பியம் சொல்லதிகாரத்தில் 'ஈ', 'தா', 'கொடு' என்னும் மூன்றனையும் வேறுபடுத்திக் கூறும் இலக்கணம். தாழ்ந்தவன் உயர்ந்தவனிடம் கேட்கும்போது ஈ என்பான். ஒத்தவன் தா என்பான். உயர்ந்தவன் கொடு என்பான். மூன்றும் ஒரே செயலைக் குறிப்பவை. மூன்றிலும் கேட்பவனுடைய நிலை வேறு. இது நுண்மையான இலக்கணந்தான், மறுக்கவில்லை. ஆயினும் வகுப்பில் இதைக் கற்பிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு தயக்கம் எழுவதுண்டு. இந்நுண்மை யாருக்குப் பணிசெய்தது? வாய் திறந்து ஒன்றைக் கேட்கும்போதே தான் தாழ்ந்தவன் என்பதைச் சேர்த்துச் சொல்லும்படி ஒருவனைக் கட்டாயப்படுத்துகிற நுண்மை இது. சாயல் அறிதல் என்பது தன்னளவில் அறம் ஆகிவிடாது என்பதற்கு நம் முதல் இலக்கண நூலிலேயே சான்று இருக்கிறது.

அயல்மொழியைக் குறைத்து மதிப்பதற்கும் இது இடந்தராது. நெல், அரிசி, சோறு என்று நாம் மூன்றாகப் பிரிப்பதை ஆங்கிலம் 'ரைஸ்' என்ற ஒரே சொல்லுக்குள் அடைத்துவிடுகிறது என்று சிரிக்கிறோம். மலாய்க்காரரும் பாடி, பெராஸ், நாசி என்று மூன்றாகவே பிரித்திருக்கின்றனர். உண்பவன் மொழி அது. இன்னும் வியப்பானது 'நாம்', 'நாங்கள்' என்னும் வேறுபாடு. கேட்பவனையும் உள்ளடக்கினால் நாம். அவனை வெளியே நிறுத்தினால் நாங்கள். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். மலாயிலோ 'கித்தா' என்றால் நாம். 'காமி' என்றால் நாங்கள். தொடர்பற்ற இரு மொழிக் குடும்பங்கள், ஒரே கதவை ஒரே இடத்தில் வைத்திருக்கின்றன. பல இனத்தார் கலந்து அமர்ந்திருக்கும் கூட்டத்தில் ஒருவர் எழுந்து 'கித்தா' என்று தொடங்குகிறாரா, 'காமி' என்று தொடங்குகிறாரா என்பதை நம் மக்கள் செவி உடனே பிடித்துக்கொள்ளும். நாட்டைப் பற்றிய நீண்ட சொற்பொழிவுகள் சொல்லாததை அந்த ஈரெழுத்து வேறுபாடு சொல்லிவிடும்.

இனி, என் பிழை ஒன்றைச் சொல்ல வேண்டும்.

பல ஆண்டுகளுக்கு முன் கட்டுரை ஏடுகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். 'என்னால் மறக்க முடியாத நாள்' என்பது தலைப்பு. வழக்கமாகப் பிறந்தநாள் விழாக்களும் கடற்கரைச் சுற்றுலாக்களும் வரும் தலைப்பு. ஒரு மாணவன், "கிராம்பு பறிக்கும்போது கிளை முறிந்து விழுந்து எங்கள் அப்பா செத்துப் போனார்" என்று எழுதியிருந்தான். நான் 'செத்துப் போனார்' என்பதைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு, மேலே 'காலமானார்' என்று எழுதினேன். பெற்ற தந்தையின் மறைவைக் கொச்சையாகக் கூறலாகாது என்பது என் எண்ணம். இறந்தார், மறைந்தார், இயற்கை எய்தினார், மாண்டார், மடிந்தார் என்று சாவைக் குறிக்கத் தமிழில் எத்தனை சொற்கள் உண்டு, அவை ஒவ்வொன்றின் சாயல் எது என்றெல்லாம் அன்று வகுப்பில் விளக்கியும் பேசினேன். பேசி முடித்தபோது பெருமிதமாகவே இருந்தது.

வகுப்பு முடிந்ததும் அவன் ஏட்டுடன் வந்தான். "ஐயா, காலமானார் என்றால் காலம் முடிந்து போனவர் என்றுதானே பொருள்?" என்றான். ஆம் என்றேன். "எங்கள் அப்பாவுக்குக் காலம் முடியவில்லை ஐயா. கிளைதான் முறிந்தது" என்றான்.

நான் அதற்கு விடை கூறவில்லை. அவன் எழுதிய சொல் கொச்சை என்பது உண்மை. ஆனால் மரத்தடியில் நின்றுகொண்டிருந்த ஒரு பிள்ளை கண்டது அச்சொல்லில் இருந்தது. நான் இட்ட சொல்லில் இல்லை. செய்தித்தாளின் கறுப்புக் கட்டத்திற்குள் அமைதியாக உறங்கும் 'காலமானார்', முறிந்த கிளையையும், உயரத்தையும், பாதுகாப்புக் கயிறின்றி மனிதர்களை மரமேற்றும் கூலிவேலையையும் ஒரேயடியாக மூடிவிடுகிறது. நுண்மை என்பது மென்மை என்று நான் எண்ணிக்கொண்டிருந்தேன். மரியாதையான சொல்லே நுண்ணிய சொல் என்றும் எண்ணியிருந்தேன். அதுவே என் பிழை. முரட்டுச் சொல் சில இடங்களில் மிகச் சரியான சொல். நான் அடித்ததை மறுபடி எழுதிக் கொடுத்தேன். அவன் அதை வாங்கிக்கொண்டு போனானே தவிர, முகத்தில் மாற்றம் ஒன்றும் தெரியவில்லை.

சாயல் சொல்பவனிடம் இருக்கிறதா, கேட்பவனிடம் இருக்கிறதா, அல்லது இருவருக்கும் அப்பால் அகராதியில் இருக்கிறதா? வெறும் மொழியியல் வினாவாக இது தோன்றலாம். பினாங்கில் வாழும் தமிழருக்கு அவ்வாறு தோன்றாது. நம் தீவின் நடுநகரில் நூற்றாண்டுகளாக நிற்கும் ஒரு பெயர் அவ்வினாவை நாள்தோறும் கேட்டுக்கொண்டிருக்கிறது.

அப்பெயர் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல். 1801ஆம் ஆண்டளவில், தென்னிந்திய முஸ்லிம் மக்களின் தலைவராக விளங்கிய காதர் முகைதீன் நிறுவியது அது. 'கப்பித்தான் கெலிங்' என்பது அவர் வகித்த பதவியின் பெயர். அன்று பிட் தெரு எனப்பட்ட வீதி இன்று அப்பள்ளிவாசலின் பெயராலேயே வழங்குகிறது. 'கெலிங்' என்பது கலிங்கம் என்னும் நாட்டுப் பெயரின் திரிபு என்பர் அறிஞர். கலிங்கம் என்றால் நம் பழைய இலக்கியத்தில் நுண்ணிய ஆடை என்றும் பொருளுண்டு. மலாய் இலக்கியத்தின் தலைசிறந்த வரலாற்று நூலாகிய செஜாரா மெலாயு, தென்னிந்தியாவைக் கெலிங் நாடு என்றே குறிக்கின்றது. அதில் இழிவு சிறிதும் இல்லை. தமிழ்க் குருதியும் கலந்த முன்ஷி அப்துல்லா, 1843இல் எழுதி முடித்த தம் வரலாற்றில், மலாக்காவின் நல்ல குடும்பத்துப் பிள்ளைகள் கெலிங் மொழியைக் கற்பது வழக்கம் என்று எழுதுகிறார். அவர் அங்குக் குறிப்பது நம் தமிழை. வணிகத்துக்கு வேண்டிய மொழி, மதிப்புக்குரிய மொழி என்ற பொருளில்தான் எழுதுகிறார்.

பின் அச்சொல்லுக்கு என்ன நேர்ந்தது? சட்டம் இயற்றியோ அகராதி திருத்தியோ அதன் பொருளை யாரும் மாற்றவில்லை. வணிகனைக் குறித்த சொல், தோட்டத்திலும் துறைமுகத்திலும் சாலைப்பணியிலும் உழைத்தவனைக் குறிக்கலாயிற்று. உழைப்பவனைத் தாழ்வாகப் பார்க்கும் கண்ணோட்டம் சொல்லின்மேல் படிந்தது. மேகம் கறுப்பதுபோல், எந்த நாளில் கறுத்தது என்று காட்ட முடியாதபடி கறுத்தது. இன்று ஒரு தமிழனை நோக்கி அச்சொல்லை வீசினால், அது வசை. அதே தெருவுக்கு அருகில் 'சூலியா' என்னும் பெயரில் ஒரு தெரு இருக்கிறது. அதுவும் தமிழ் முஸ்லிம் வணிகரைக் குறித்த பழம்பெயரே. அதில் முள் இல்லை. இரண்டு சொற்களும் ஒரே மக்களைக் குறித்தவை, ஒரே கப்பலில் வந்தவை. ஒன்று குத்துகிறது, ஒன்று குத்தவில்லை. எந்த வேர்ச்சொல் ஆராய்ச்சியும் இதற்கு விளக்கம் தராது.

நம்மவரிடையே இன்னொரு கதையும் உண்டு. கைதிகளாகக் கொண்டுவரப்பட்டோரின் கால்விலங்கு 'கிளிங் கிளிங்' என்று ஒலித்ததால் அப்பெயர் வந்தது என்பார்கள். வரலாற்றின்படி இது பொருந்தாது. ஆங்கிலேயர் இத்தீவில் கால்வைப்பதற்கு முன்பே அச்சொல் மலாய் ஏடுகளில் இருக்கிறது. ஆகவே கதை தவறு. ஆனால் தவறான கதைகளையும் மக்கள் காரணமின்றிப் படைப்பதில்லை. அச்சொல் காதில் விழும்போது தம் பாட்டன் காலில் விலங்கு ஒலிப்பதாக ஒரு மக்கள் கூட்டம் உணர்ந்திருக்கிறது என்பதற்கு அக்கதையே சான்று. சொல்லின் பிறப்பைப் பற்றி அது பொய் கூறுகிறது. சொல்லின் இன்றைய சாயலைப் பற்றி மெய் கூறுகிறது.

2003ஆம் ஆண்டில் பினாங்கைச் சேர்ந்த இந்திய முஸ்லிம் அமைப்புகள் பதின்மூன்று சேர்ந்து, மலாய் அகராதியின் புதிய பதிப்பில் இச்சொல்லும் அதனோடு தொடர்புடைய சில பழமொழிகளும் இடம்பெற்றதை மறு ஆய்வு செய்யுமாறு டேவான் பஹாசா டான் புஸ்தாக்கா நிறுவனத்திடம் கோரிக்கை வைத்தன. 'கெலிங்' என்ற பெயர் தாங்கிய பள்ளிவாசலில் தொழும் மக்களைச் சார்ந்தோரே அக்கோரிக்கையை வைத்தனர் என்பதுதான் கருதத்தக்கது. பெயர்ப்பலகையில் இருக்கும்போது அது அவர்களுடைய முன்னோரின் பெருமை. பழமொழியில் வரும்போது அவர்களுக்கு இழுக்கு. இதனை முரண்பாடு என்று சிலர் நகைக்கலாம். முரண்பாடு இல்லை. ஒரே எழுத்துகளால் ஆன இரண்டு சொற்கள் அவை.

இதில் அகராதியின் கடமை என்ன? இருக்கும் சொல்லை நீக்கிவிட்டால் நாளைய மாணவனுக்குப் பழைய நூல் விளங்காது. வசையும் தெருவிலிருந்து மறையப் போவதில்லை. அப்படியே விட்டுவிட்டு 'தென்னிந்தியர்' என்று பொருள் எழுதினாலோ, அது செஜாரா மெலாயுவின் காலத்துக்கு உண்மை, நேற்று மாலை பேருந்தில் நடந்ததற்குப் பொய். சொல்லையும் எழுதி, அது யாரைப் புண்படுத்தும் என்பதையும் சேர்த்து எழுதுவதே நேர்மையான அகராதி என்பது என் துணிபு. தெருவில் நின்று பேசும்போது மட்டும் கேட்பவனே நடுவன். "அது வரலாற்றுச் சொல்தானே, ஏன் வருந்துகிறாய்?" என்று கேட்பவன் அகராதியைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு அடிக்கிறான்.

'கூலி' என்ற சொல்லையும் இங்கே நினைவுகூரலாம். உழைப்புக்கு உரிய ஊதியம் என்னும் நேரிய பொருளுடையது. வள்ளுவர் முயற்சியின் பயனைக் குறிக்க இச்சொல்லையே ஆண்டார். அதே சொல் கப்பலேறிப் போய்த் தென்னாப்பிரிக்காவில் ஓர் இனத்தாருக்கே இழிபெயராயிற்று. காந்தியடிகளை அங்குக் 'கூலி பாரிஸ்டர்' என்று அழைத்தனர். பெறுகிற பொருளின் பெயர், பெறுகிறவனின் பெயராகி, பிறகு அவன் பிறந்த நாட்டாரின் பெயராகி முடிந்தது.

ஆனால் குறை கூறும்போது நம் வாயையும் சற்றுக் கவனிக்கத்தான் வேண்டும். இலங்கை மலையகத்தில் தேயிலை பறித்த தமிழரைத் 'தோட்டக்காட்டான்' என்று அழைத்தவர்கள் தமிழர்களே. இங்கே நம் வீடுகளில் மளிகை வாங்கப் போகும்போது 'சீனன் கடை' என்கிறோம். தமிழ்க் கடைக்காரர் 'அண்ணன் கடை', 'செட்டியார் கடை' என்று மரியாதை பெறுகிறார். வகுப்பில் இதைச் சொன்னால், "அது பழக்கம் ஐயா, கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை" என்பார்கள். உண்மைதான். கெலிங் என்று கூறும் பலரும் அதையேதான் கூறுகிறார்கள். ஒரு னகர மெய்யும் ஒரு ரகர மெய்யும் தமிழில் எவ்வளவு தொலைவில் இருக்கின்றன என்பதை அறிந்த நாம், அதை நம்மைப் பற்றிப் பேசும்போது மட்டும் அறிகிறோம்.

இதுவரை சாயலைக் கவனிப்பதன் தேவையைக் கூறினேன். அதன் மறுபக்கமும் உண்டு. அதற்கும் இத்தீவே எடுத்துக்காட்டு. கெடாவின் சுல்தான் அப்துல்லா, சயாமிடமிருந்து தம் நாட்டுக்கு ஆபத்து வருமென்று அஞ்சிப் படைத்துணையை எதிர்பார்த்தே பினாங்கை ஆங்கிலக் கம்பெனிக்குத் தர இசைந்தார். பிரான்சிஸ் லைட் மலாய் மொழியை நன்கறிந்தவர். சுல்தான் எதைக் கேட்கிறார் என்பது அவருக்கு விளங்காமற் போயிருக்க வழியில்லை. கம்பெனியோ படை தருவதாக உறுதி கூறவில்லை. முகத்துக்கு நேரே மறுக்கவுமில்லை. அந்த மங்கலான நிலையிலேயே லைட் 1786 ஆகஸ்டு 11ஆம் நாள் தீவில் கொடியேற்றினார். மறுமொழி வரும், வரும் என்று சுல்தான் காத்திருந்தார். ஒன்றும் வராது என்று தெளிந்தபின், 1791இல் தீவை மீட்கப் படை திரட்டித் தோற்றார். அவ்வாண்டின் உடன்படிக்கையில் அவருக்குக் கிடைத்தது ஆண்டுக்கு 6,000 ஸ்பானிய டாலர். படைத்துணை அதில் இல்லை. 1821இல் அவர் அஞ்சியபடியே சயாமியப் படை கெடாவின்மேல் பாய்ந்தது. கம்பெனி உதவிக்கு வரவில்லை. அன்றைய சுல்தான் ஓடிவந்து தஞ்சம் புகுந்த இடம், பினாங்கு.

அங்குத் தேவைப்பட்டது ஆம் அல்லது இல்லை என்ற ஒரே சொல். அதற்குப் பதிலாக மேகம் தரப்பட்டது. இன்று பொதுவாழ்வில் 'இது மிகவும் நுட்பமான விஷயம்', 'இதைப் பல கோணத்திலும் பார்க்க வேண்டும்' என்று சொல்லப்படுபவற்றுள் எவ்வளவு உண்மையான நுண்ணறிவு, எவ்வளவு நழுவல் என்று எனக்கு ஐயம் வருவதுண்டு. கற்றவர்கள் இத்தவறை அதிகம் செய்கிறோம். கல்லாதவன் வாக்குறுதியை மீறினால், மீறினேன் என்று தலைகுனிகிறான். கற்றவன், நான் சொன்னதன் நுண்பொருளை நீ விளங்கிக்கொள்ளவில்லை என்கிறான். மரத்திலிருந்து விழுந்தவனின் குடும்பத்துக்கு இழப்பீடு உண்டா என்று கேட்டால், 'ஆவன செய்யப்படும்' என்று வருகிற விடையும் இவ்வினத்தைச் சேர்ந்ததே.

இரண்டையும் வேறுபடுத்தி அறிய ஏதேனும் உரைகல் உண்டா? முழுமையான விதி எதுவும் எனக்குக் கிட்டவில்லை. ஒன்றை மட்டும் பார்ப்பது என் வழக்கம்: சாயலைச் சேர்த்தபின் சொல் யாருக்கு எளிதாகிறது? 'மறுபுறம்' என்று மாற்றியதால் அந்த ஊர்ப் பையனுக்கு எளிதாயிற்று. எனக்கு ஒன்றும் குறையவில்லை. 'காலமானார்' என்று மாற்றியதால் எளிதானது எனக்கு, அவனுக்கு அன்று. லைட்டின் மங்கலால் எளிதானது கம்பெனிக்கு. இந்த உரைகல்லும் எப்போதும் உதவாது. நோயுற்றவரிடம் மருத்துவர் சொல்லும் சொல்லை எடுத்துக்கொண்டால், அது யாருடைய வசதிக்காக மென்மையாக்கப்பட்டது என்பதைச் சொன்ன மருத்துவராலேயே சில சமயம் கூற இயலாது. தீமை விளைக்காத சொல்லே வாய்மை என்று வள்ளுவர் வகுத்ததும், குற்றமற்ற நன்மை தருமானால் பொய்ம்மையும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்று மேலும் சென்றதும் நாம் அறிந்தவையே. அவ்விரண்டாவது குறளை நான் மாணவர்க்கு அச்சத்தோடுதான் கற்பிக்கிறேன். 'குற்றமற்ற' என்ற அடையை விட்டுவிட்டு மீதியை மட்டும் வாழ்நாள் முழுதும் நினைவில் வைத்துக்கொள்பவர்கள் மிகுதி.

சில காலத்துக்கு முன் மாணவர்கள் சிலரை ஜார்ஜ் டவுனின் பழைய வீதிகளைக் காட்ட அழைத்துச் சென்றேன். 2008ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் யுனெஸ்கோ உலக மரபுரிமை இடமாக அறிவித்த பகுதி அது. பார்த்த கட்டடங்களின் பெயர்களைக் குறிப்பேட்டில் எழுதிவர வேண்டும் என்று சொல்லியிருந்தேன். பள்ளிவாசலின் முன் வந்ததும் ஒருவன் எழுதுகோலை நிறுத்திக்கொண்டு, "இந்தப் பெயரை எழுதலாமா ஐயா?" என்றான். எழுது என்றேன். மேலே சொன்னவற்றை, இவ்வளவு நீட்டாமல், அங்கேயே நின்று சொன்னேன். வெயில் கடுமையாக இருந்தது. பாதிப் பேர் கேட்கவில்லை.

திரும்பும் வழியில் ஒரு கடையில் தண்ணீர் வாங்கினோம். எல்லோரும் பேருந்துக்குக் காத்திருந்தபோது ஒரு மாணவி தன் குறிப்பேட்டைத் திறந்து எதையோ திருத்திக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தேன். 'சீனன் கடையில் தண்ணீர் குடித்தோம்' என்று இருந்ததை அடித்துச் 'சீனர் கடை' என்று எழுதியிருந்தாள். பிறகு அதுவும் பிடிக்காமல், சாலையைக் கடந்து மறுபடி கடைக்குப் போனாள். கடைக்காரரிடம் மலாயில் ஏதோ கேட்டாள். அவர் சிரித்துக்கொண்டே தம் பெயரைச் சொல்ல, எப்படி எழுதுவது என்று தெரியாமல், இன்னொரு முறை சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டு நின்றாள். பேருந்து வந்துவிட்டது.